சிஎம்எஸ் வேண்டுமா, வேண்டாமா? தளம் தொடங்குமுன் போட வேண்டிய கணக்கு

புதிதாக இணையதளம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர், "வேர்ட்பிரஸ் போட்டுடு, அரை நாள் வேலை" என்பார். இன்னொருவர், "பத்துப் பக்கத்துக்கு எதுக்கு டேட்டாபேஸ்? வெறும் எச்டிஎம்எல் போதும்" என்பார். மூன்றாமவர் இழுத்துப்போட்டுத் தளம் கட்டும் சேவை ஒன்றைக் காட்டுவார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு தளத்துக்குச் சரிதான். உங்கள் தளம் அந்த மூன்றில் எது என்று தெரியாததுதான் குழப்பம்.

சிஎம்எஸ் எனும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு (வேர்ட்பிரஸ் அதில் ஒன்று), எழுத்தையும் படத்தையும் வடிவமைப்பிலிருந்து பிரித்து வைக்கிறது. எழுதுகிறவர் லாகின் செய்து, பெட்டிக்குள் எழுதி, வெளியிடும் பொத்தானை அழுத்தினால் போதும். தலைப்பு எங்கே வர வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் தீம் எனும் வடிவமைப்பு வார்ப்பு பார்த்துக்கொள்ளும். ஒரு வரியைத் திருத்த டெவலப்பரைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சுதந்திரத்தைத் தருவது சர்வரில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள். அதற்கு ஒரு காவல்காரர் வேண்டும். எழுதும் வேலை எவ்வளவு குறைகிறது, காவல் வேலை எவ்வளவு கூடுகிறது: இந்த இரண்டையும் தராசில் வைத்தால் பாதி முடிவு வந்துவிடும்.

## முதலில் ஐந்து கேள்விகள்

வசதிகளின் பட்டியலை வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் முடிவே வராது. எல்லாவற்றிலும் எல்லாம் முடியும் என்றுதான் விளம்பரம் சொல்லும். அதற்குப் பதிலாக இந்த ஐந்துக்கும் பதிலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எத்தனை பேர் கை வைப்பார்கள்? ஒருவரா, ஐந்து பேரா? ஒருவர் எழுதி இன்னொருவர் சரிபார்த்துத்தான் வெளியிட வேண்டுமா?
2. மாதத்துக்கு எத்தனை திருத்தம்? வருடத்துக்கு இரண்டு முறை மாறும் தளமும், நாளுக்கு மூன்று பதிவு போகும் தளமும் ஒரே இனம் இல்லை.
3. பக்கங்களுக்குள் உறவு உண்டா? ஒரு பதிவு ஆசிரியர், பகுப்பு, தேதி எனப் பல இடங்களில் தானாகத் தோன்ற வேண்டுமா, அல்லது ஒவ்வொரு பக்கமும் தனித்தனியா?
4. பழுதானால் யார் பார்ப்பது? "பார்த்துக்கலாம்" என்பது பதில் ஆகாது. ஒரு பெயர் வேண்டும்.
5. நாளை வெளியேற வேண்டியிருந்தால் எதை எடுத்துக்கொண்டு போக முடியும்?

கடைசி இரண்டையும் தொடங்கும்போது யாரும் கேட்பதில்லை. பிற்பாடு அழ வைப்பவையும் அவைதான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் | விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற சேவைகள் | ஸ்டாட்டிக் தளம், அதாவது முன்கூட்டியே செய்து வைத்த பக்கங்கள் (ஹியூகோ, ஜெக்கில், லெவன்டி) | ஹெட்லெஸ், அதாவது எழுதும் பக்கம் மட்டும் தரும் சிஎம்எஸ் (ஸ்ட்ராப்பி, கன்டென்ட்ஃபுல்) |
|---|---|---|---|---|
| பலர் சேர்ந்து எழுத | நன்று | நன்று | கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தெரிந்தால் மட்டும் | நன்று |
| தொடங்க ஆகும் நேரம் | ஓரிரு நாள் | சில மணி நேரம் | சில நாள் | சில வாரம் |
| மாதாந்திரப் பராமரிப்பு | கட்டாயம் | ஏறக்குறைய இல்லை | மிகக் குறைவு | இரண்டு இடத்தில் |
| ஊடுருவல் ஆபத்து | பிளகின்களைப் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்கள்) பொறுத்து | சேவைக்காரர் பொறுப்பு, கடவுச்சொல் உங்கள் பொறுப்பு | குறைவு | நடுத்தரம் |
| வெளியேறும் வழி | உண்டு, மெனக்கெட வேண்டும் | மிகக் குறுகியது | எளிது | எழுத்து வரும், முகப்பு வராது |

## வேர்ட்பிரஸ்: ஆள் கிடைக்கும், வேலையும் கிடைக்கும்

2003 மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸில்தான் இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் ஓடுகின்றன. அதனால் வரும் பெரிய லாபம் ஆள் கிடைப்பது. தளத்தைக் கட்டியவர் கைவிட்டுப் போனாலும் அடுத்தவர் வந்து திறந்து பார்த்தால் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சொந்தமாக யாரோ எழுதிக் கொடுத்த சிஎம்எஸ்ஸில் இது நடக்காது. எழுதியவர் போனால் தளமும் போன மாதிரிதான்.

எழுதுகிறவருக்கான ஏற்பாடும் நன்றாகவே இருக்கிறது. நிர்வாகி, பதிப்பாசிரியர், ஆசிரியர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து நிலை அனுமதிகள் முதலிலேயே உண்டு. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. பழைய பிரதிகள் எல்லாம் சேமிக்கப்படுவதால், யாராவது பாதிப் பக்கத்தை அழித்துவிட்டாலும் நேற்றைய பிரதிக்குத் திரும்பலாம்.

இனி, விளம்பரத்தில் வராத செலவுகள்.

பிளகின். ஒவ்வொரு பிளகினும் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரல். அதற்குத் தனி அறை கிடையாது. தளத்தின் டேட்டாபேஸ் முழுவதையும் படிக்கவும் எழுதவும் அதால் முடியும். தொடர்புப் படிவத்துக்கு ஒன்று, கேஷுக்கு (பக்கத்தைத் தயாராக வைத்து வேகமாகக் காட்ட) ஒன்று, எஸ்இஓவுக்கு (தேடலில் மேலே வர) ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று எனச் சேர்த்துக்கொண்டே போனால் இருபதைத் தொட அதிக நாள் ஆகாது. அதில் ஒன்றை எழுதியவர் கைவிட்டுவிட்டால் அந்த ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. நிறுவும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, இப்போதைய வேர்ட்பிரஸ் பதிப்போடு சோதிக்கப்பட்டதா. பயன்படுத்தாததை முடக்கி வைத்தால் போதாது, நீக்குங்கள். முடக்கிய பிளகினின் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ பூட்டு உடைத்து இலவசமாகத் தந்தால், உள்ளே அவர் என்ன வைத்திருக்கிறார் என்று யோசியுங்கள்.

அப்டேட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுக்க வேண்டும். பிறகு உண்மைத் தளத்தின் நகலான ஒத்திகைத் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகே உண்மைத் தளத்தில், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் முடிந்ததும் முகப்புப் பக்கம், லாகின், தொடர்புப் படிவம் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பிளகினையும் ஒரே சொடுக்கில் அப்டேட் செய்துவிட்டு வெள்ளைத் திரையைப் பார்த்தால், குற்றவாளி எது என்று கண்டுபிடிக்கவே மாலையாகிவிடும். நடுவில் இணைப்பு அறுந்து, பராமரிப்பு நடக்கிறது என்ற அறிவிப்பிலேயே தளம் நின்றுவிட்டால் பதற வேண்டாம். புள்ளியில் தொடங்கும் 'மெயின்டனன்ஸ்' என்ற கோப்பு மூலக் கோப்புறையில் அழியாமல் கிடக்கும். அதை அழித்தால் தளம் திரும்பிவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் பழசான அந்தக் கோப்பை வேர்ட்பிரஸே கண்டுகொள்ளாது.

படம். அகலம் 2560 பிக்சலுக்கு மேலுள்ள புகைப்படம் ஒன்றை ஏற்றினால் சர்வரில் உட்காருவது ஒரு கோப்பு இல்லை. மூலப் படம், 2560க்குச் சுருக்கியது, பிறகு 150, 300, 768, 1024, 1536, 2048 அளவுகளில் ஒவ்வொன்று: மொத்தம் எட்டு. தீம் தன் பங்குக்கு இன்னும் சேர்க்கலாம். ஆயிரம் படம் ஏற்றினால் எட்டாயிரம் கோப்பு. பகிர்ந்த ஹோஸ்டிங் பலவற்றில் ஜிபி கணக்கு மட்டுமில்லாமல் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. இடம் பாக்கி இருக்கும்போதே படம் ஏற மறுத்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

முகவரி மாற்றம். தளத்தை எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்ற, டேட்டாபேஸ் நகலைத் திறந்து எல்லாவற்றையும் தேடி மாற்றிவிடுவது பலர் செய்யும் காரியம். பதிவுகள் சரியாக வரும்; பக்கப்பட்டையும் தீம் அமைப்புகளும் காணாமல் போகும். காரணம் எளிது. அமைப்புகள் சிலவற்றை வேர்ட்பிரஸ் 'இது 18 எழுத்து நீளம்' என்ற எண்ணிக்கையோடு சேர்த்து எழுதி வைக்கிறது. ஒரு 'எஸ்' கூடியதும் நீளம் 19 ஆகிவிடும், எண்ணிக்கை 18 ஆகவே நிற்கும். கணக்கு ஒத்துப்போகாததால் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி அந்த அமைப்பு முழுவதையும் தள்ளிவிடும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியிலுள்ள (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குவது) தேடி மாற்றும் கட்டளை இந்த எண்ணிக்கையையும் சேர்த்தே திருத்தும்.

தமிழ் இணைப்பு. தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை இது. இணைய முகவரியில் ஒரு தமிழ் யூனிகோட் குறி ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள்; ஆக 45 எழுத்து. பதிவின் பெயர்ப்பகுதிக்கு வேர்ட்பிரஸ் தருவது 200 எழுத்துதான். 'இணையதளப் பராமரிப்புக்கான மாதாந்திர வழிமுறைகள்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'இணையதளப்-பராமரிப்புக்கா' என்று வெட்டுப்பட்டு நிற்கும். அதே இரண்டு சொல்லில் தொடங்கும் அடுத்த பதிவின் வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும். வெளியிடும் முன்பே முகவரிப் பெட்டியில் இரண்டு குட்டிச் சொற்களைக் கையால் போட்டுவிடுவது நல்லது.

நேரம் குறித்த பதிவு. காலை ஆறு மணிக்கு வெளியாக வேண்டிய பதிவு எட்டு மணிக்கு வந்தால் கடிகாரத்தைத் திட்ட வேண்டாம். வேர்ட்பிரஸின் உள் அட்டவணை யாராவது தளத்துக்கு வரும்போதுதான் விழிக்கும். ஆள் வராத நேரத்தில் அதுவும் தூங்கும். அதை அணைத்துவிட்டு, சர்வரின் உண்மையான கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கருவி) மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பினால் சரியாகிவிடும்.

இத்தனையும் படித்துவிட்டு வேர்ட்பிரஸ் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று பேருக்கு மேல் எழுதும், வாரத்துக்குப் பல பதிவு போகும், மாதம் இரண்டு மணி நேரம் பராமரிப்புக்கு ஒதுக்க ஒரு ஆள் உள்ள தளத்துக்கு இதைவிடத் தோதானது அரிது. அந்த ஆள் மட்டும் இல்லையென்றால் வேறு வழி பார்ப்பதே உத்தமம்.

## ட்ரூபல்: வலு அதிகம், அவகாசம் குறைவு

2001இல் வந்த ட்ரூபல், உள்ளடக்கத்துக்குள் சிக்கலான உறவுகள் உள்ள பெரிய தளங்களுக்கானது. பல மொழி, பல துறை, பல அடுக்கு அனுமதி என்றால் வேர்ட்பிரஸில் ஐந்து பிளகினால் முட்டுக்கொடுப்பதை இதில் ஒழுங்காகக் கட்டலாம். ஆனால் 2011இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து 2015இல் வந்த எட்டாம் பதிப்புக்குப் போவது அப்டேட்டாக இருக்கவில்லை; பெரும்பாலோர் தளத்தைப் புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. ஏழுக்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தது.

பாதுகாப்பு விஷயத்தில் 2014 அக்டோபர் 15ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம். அன்று ஒரு மோசமான ஓட்டைக்கு ட்ரூபல் திருத்தம் வெளியிட்டது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத ஒவ்வொரு ஏழாம் பதிப்புத் தளமும் ஊடுருவப்பட்டதாகவே கருதுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே பின்னர் சொன்னது. நான்காம் கேள்விக்கு ஒரு பெயர் வேண்டும் என்றது இதற்காகத்தான்.

## மூடிய சேவைகள்: வாடகை வீடு

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் வகையில் சர்வர், அப்டேட், பேக்கப், பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் உங்கள் தலையில் விழாது. தனியாளின் தொழில் அறிமுகப் பக்கம், மூன்று மாதத்தில் முடிந்துபோகும் நிகழ்ச்சி, தொழில்நுட்பம் அறவே வேண்டாம் என்பவர்: இவர்களுக்கு வேர்ட்பிரஸ் பரிந்துரைப்பது பாவம்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கேட்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். காலி செய்யும்போது என்ன எடுத்துப்போகலாம் என்பதுதான் தெரியாமல் போகிறது. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு சர்வரில் வைக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ் வலைப்பதிவுப் பக்கங்களை எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரும், வடிவமைப்பு வராது. 30 பக்கம் என்றால் உட்கார்ந்து நகலெடுத்துவிடலாம். 600 பக்கம் ஆனபின் யோசனை வந்தால் அதுவே தனித் திட்டம். கட்டணத் திட்டத்தின் வரம்புகளையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்: இன்னொரு எழுத்தாளரைச் சேர்க்க, சேவைக்காரரின் விளம்பரப் பட்டையை நீக்க, சொந்த டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) இணைக்க எந்தத் திட்டத்துக்கு ஏற வேண்டும்?

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டொமைனைத் தளம் கட்டும் சேவையிடம் வாங்காமல் தனிப் பதிவாளரிடம், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மாறினாலும் பெயர்ப்பலகை உங்களிடம் இருக்கும்.

## ஸ்டாட்டிக் தளம்: காவல் வேண்டாம், கற்க வேண்டும்

ஹியூகோ, ஜெக்கில், லெவன்டி ஆகியவை எழுத்தை மார்க்டவுன் எனும் எளிய உரைக் கோப்புகளில் வைத்து, அவற்றையெல்லாம் ஒரே மூச்சில் எச்டிஎம்எல் பக்கங்களாக்கித் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். சர்வரில் லாகின் பக்கமும் இல்லை, டேட்டாபேஸும் இல்லை. திருடன் வந்தாலும் உடைக்கப் பூட்டு கிடையாது (கிட் கணக்கும் ஹோஸ்டிங் கணக்கும் தவிர, அவற்றுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள்). கூட்டம் திடீரென்று வந்தாலும் தளம் தாங்கும். ஒரு வருடம் தொடாமல் விட்டாலும் பக்கங்கள் அப்படியே நிற்கும். எழுத்து முழுவதும் சாதாரண உரைக் கோப்பு என்பதால் வெளியேறுவது கோப்புறையைத் தூக்கிக்கொண்டு போவதுதான்.

தடுக்கி விழும் இடங்கள் வேறு. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தலைப்பு, தேதி போன்ற விவரங்கள் 'யாமல்' எனும் எழுதுமுறையில் இருக்கும். தலைப்பு இடத்தில் 'பராமரிப்பு: முதல் படி' என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால், நடுவிலிருக்கும் முக்காற்புள்ளியும் இடைவெளியும் புதிய விவரம் தொடங்குவதாக அர்த்தமாகிவிடும். பக்கம் உருவாகாது. பிழைச் செய்தியோ புரியாத ஆங்கிலத்தில் ஒரு வரி. உள்தள்ளலுக்கு டேப் போட்டாலும் இதே கதி. தலைப்புகளை எப்போதும் மேற்கோள்குறிக்குள் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி ஒழியும்.

ஹியூகோ எதிர்காலத் தேதியிட்ட பக்கத்தைக் கட்டாமல் விட்டுவிடும். நேர மண்டலம் தவறாக இருந்தால் இன்றைய பதிவையே நாளையது என்று எண்ணி மறைத்துவிடும். பிழைச் செய்தியும் வராது. குறித்த நேரத்தில் வெளியாக வேண்டுமானால் அந்த நேரத்தில் தளத்தை மறுபடி கட்டும் ஏற்பாடு வேண்டும். படிவம், தேடல், கருத்துப் பகுதி மூன்றுக்கும் வெளிச் சேவையோ கூடுதல் நிரலோ தேவை. கட்டும் கருவியின் பதிப்பையும் குறித்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்துப் புதிய பதிப்பை நிறுவினால் பழைய தீம் முரண்டு பிடிக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு மனிதர்கள். கட்டளைவரியைப் பார்த்தாலே பயப்படுகிற எழுத்தாளர் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் உங்களுக்குத்தான் போன் செய்வார். டீகாப் போன்ற எழுதுதிரையை மேலே பொருத்தினால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஐந்தாறு பக்கம்தான், வருடத்துக்கு இரண்டு திருத்தம்தான் என்றால் இந்தக் கருவிகூட வேண்டாம். கையால் எழுதிய எச்டிஎம்எல் போதும். பட்டியில் ஒரு இணைப்பைச் சேர்க்கப் பன்னிரண்டு கோப்பைத் திருத்த வேண்டிய நிலை வரும்போது கருவிக்கு மாறிக்கொள்ளலாம்.

## ஹெட்லெஸ்: ஒரே எழுத்து, பல முகம்

எழுதும் பக்கத்தை மட்டும் சிஎம்எஸ் பார்த்துக்கொண்டு, காட்டும் பக்கத்தை நீங்களே கட்டுவது ஹெட்லெஸ். ஒரே செய்தி இணையதளத்திலும் மொபைல் செயலியிலும் அறிவிப்புத் திரையிலும் போக வேண்டும் என்றால் இதுதான் வழி. இணையதளம் மட்டும்தான் என்றால் வீண் சுமை. பராமரிப்பு இரட்டிப்பாகும். வெளியிடும் முன் பக்கம் எப்படித் தெரியும் என்று பார்க்கும் வசதியைக்கூடப் பல சமயம் நீங்களே கட்ட வேண்டும். எழுத்தாளர்களின் முதல் புகார் அதுவாகத்தான் இருக்கும். சம்பளத்தில் ஒரு டெவலப்பர் இல்லாத இடத்தில் இதைத் தொடாதீர்கள்.

## நடுவில் ஒரு வழி

வேர்ட்பிரஸை யாரும் நெருங்க முடியாத இடத்தில் பூட்டி வைத்து, அங்கே எழுதி, வெளியே ஸ்டாட்டிக் பக்கங்களாக மட்டும் ஏற்றுவதும் நடக்கிறது. எழுத்தாளருக்குப் பழகிய திரை, வாசகருக்கு வேகமான பக்கம். வேர்ட்பிரஸின் சொந்தத் தேடல், படிவம், கருத்துப் பகுதி மூன்றும் வேலை செய்யாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

## முடிவுக்கு முன் ஒரு வார ஒத்திகை

இரண்டு வழிக்கு இடையே இழுபறி என்றால் இரண்டையும் சோதித்துப் பாருங்கள். விற்பனைப் படக்காட்சி பார்ப்பதைவிட இது பலமடங்கு தெளிவு தரும்.

1. இருப்பதிலேயே கடினமான ஐந்து பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்: மிக நீளமானது, அட்டவணை உள்ளது, படங்கள் அதிகம் உள்ளது, படிவம் உள்ளது, அடிக்கடி மாறுவது.
2. அவற்றை உண்மையில் எழுதப்போகிறவரிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது. எத்தனை முறை உங்களைக் கூப்பிட்டார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. வெளியான பக்கத்தில் ஒரு எண்ணைத் திருத்தச் சொல்லி, பிறகு பழைய பிரதிக்கே திருப்பச் சொல்லுங்கள்.
4. பேக்கப் எடுத்து, அதை முற்றிலும் வேறொரு இடத்தில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப் வெறும் கோப்புதான். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவோ, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவோ வந்தால் டேட்டாபேஸின் எழுத்துமுறை அமைப்பு தப்பு. 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றிவிட்டு மறுபடி மீட்டுங்கள்.
5. ஐந்து பக்கத்தையும் ஏற்றுமதி செய்து, வந்த கோப்பைச் சாதாரண உரைத்திருத்தியில் திறங்கள். உங்கள் எழுத்து படிக்கிற மாதிரி இருக்கிறதா, சதுர அடைப்புக்குறிக் குறியீடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறதா? இழுத்துப்போடும் பக்கக்கட்டுமான பிளகின்கள் சில, நீக்கியபின் இந்தக் குறியீடுகளைத்தான் விட்டுச்செல்லும்.

பழைய தளம் ஒன்று ஏற்கெனவே இருந்தால், மாறும் முன் அதன் எல்லா முகவரிகளையும் ஒரு அட்டவணையில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய முகவரியை எழுதி 301 வழிமாற்றம் (பழைய முகவரிக்கு வருவோரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்புவது) போட்டுவிடுங்கள். பழைய ஹோஸ்டிங்கை அன்றே ரத்து செய்ய வேண்டாம். விட்டுப்போன ஒரு பிடிஎஃப் எங்கே என்று யாராவது கேட்க எப்படியும் ஒரு மாதம் ஆகும்.